உக்லிச்சில் பார்த்ததாகச் சொன்னார்கள்

இதை முதன்முதலில் அமலோற்பவத்திடம் சொன்னது புஷ்பராணிதான். போன வருஷம் மாதா கோவில் கொடியேற்றத்தன்று, கூட்டம் கலைந்து, பெண்கள் வரிசையாகப் போய்க் கொடிமரத்தைத் தொட்டு முத்தமிட்டு முத்தி செய்துகொண்டிருந்த நேரம். ஜெர்மனியில் இருக்கிற மகன் கூட்டிக்கொண்டு போன ரஷ்யாப் பயணத்தை முடித்துவிட்டு அப்போதுதான் புஷ்பராணி வந்திருந்தாள். நாள்கணக்கில் ஆற்றிலேயே கப்பலில் போனோம் என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்ல, ஆத்துல எங்கட்டி கப்பல் போகும், தோணியைச் சொல்லுதியா என்று புன்னைக்காயல்காரிகள் அவளைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். அவள் அமலோற்பவத்தின் முழங்கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், “மைனி, ஒன்னு சொல்லுவேன், பதறக்கூடாது. ஒங்க தனிஸ்லாஸைப் பார்த்தேன்” என்றாள். உக்லிச் என்று ஒரு ஊராம். கப்பல் அங்கே அரை நாள் நிற்குமாம். படித்துறையிலிருந்து கோவில் வரைக்கும் ரெண்டு பக்கமும் கடையாம், அதில் புகைபோட்ட மீன் விற்கிற இடத்தில் நீலச்சட்டை போட்டுக்கொண்டு பெட்டி தூக்கிப் போனானாம். தோளை ஒரு பக்கமாகச் சாய்த்து நடக்கிற அந்த நடை நம் ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது, தனிஸ்லாசு என்று ஒரு சத்தம் போட்டேன், திரும்பிவிட்டான், திரும்பிப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான் என்றாள். புஷ்பராணி சொல்வதை ஊரில் யாரும் முழுசாக நம்புகிறதில்லை, மணப்பாட்டுக் கடலில் திமிங்கிலம் தன்னைப் பார்த்துத் தலையாட்டியது என்று சொன்னவள் அவள். அது அமலோற்பவத்துக்கும் தெரியும். ஆனால் அவள் போனில் ஒரு படம் இருந்தது. அதில் ஆறு இருந்தது, சிவப்பாக ஒரு கோவில் இருந்தது, கோவிலின் நீலக் குமிழ்களில் தங்க நட்சத்திரங்கள் இருந்தன, ஓரத்தில் ஒரு முதுகு இருந்தது. அந்த முதுகைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள். ஒரு வருஷமாக விரலால் விரித்து விரித்துப் பார்க்கிறாள், விரிக்க விரிக்க முதுகு கலைந்து வெறும் நீலக் கட்டம் கட்டமாகப் போய்விடும், அப்புறம் சுருக்குவாள், முதுகு திரும்ப வரும். கழுத்துக்குக் கீழே முடி இறங்கியிருந்தது, மகன் முடி வளரவிடமாட்டான், ஆனால் யார் வெட்டிவிடுவார் அங்கே, குளிர் ஊர், வளர்த்திருப்பான். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு சமாதானம் இருந்தது. ஏன் விறுவிறுவென்று போனான் என்பதற்கு மட்டும் இல்லை. அந்த இல்லாத சமாதானம்தான் இப்போது அவளை இந்தப் பஸ்ஸில், ஜன்னலோரத்தில், மகளுடைய கம்பளிச் சட்டையைத் தன் சேலைக்கு மேலே மாட்டி உட்கார்த்தி வைத்திருக்கிறது.

பஸ்ஸுக்குள் அடுப்படி மாதிரி சூடு. வெளியே பனி விழவில்லை, மழையும் பெய்யவில்லை, ரெண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று கண்ணாடியில் பட்டு வழிந்தது. மரங்கள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. நம் ஊரில் ரோட்டோரத்து மரத்துக்கு இடுப்பளவு சுண்ணாம்பு அடிப்பார்கள், இங்கே நுனி வரைக்கும் அடித்து வைத்த மாதிரி, இலையில்லாமல், எண்ணிமுடியாமல், மாஸ்கோவை விட்டதிலிருந்து இதே மரம்தான் வருகிறது. பக்கத்தில் மகள் பிரிஸ்கா வாயை லேசாகத் திறந்து தூங்கினாள். மஸ்கட் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்துப் பார்த்து எங்கே உட்கார்ந்தாலும் தூங்குகிற பழக்கம், பாவம், லீவு எடுத்து, விசா எடுத்து, எல்லாம் அவள்தான். சட்டைப்பைக்குள் அமலோற்பவத்தின் விரல் செபமாலையில் நகர்ந்தது. அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தால் தடங்கல் இல்லாமல் ஓடும், இப்பொழுதும் என்கிற இடம் வரைக்கும் ஓடும், அதற்கப்புறம் வருகிற மரண வேளையை மட்டும் அவள் எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிடுவாள். மகனுக்காகச் சொல்கிற செபமாலையில் அந்த வார்த்தை எதற்கு. மாதாவுக்குத் தெரியாதா. அவன் போன அந்த மாசத்தில் ஆரம்பித்த பழக்கம், இப்போது தன் புருஷனுக்காகச் சொல்லும்போதுகூட, அவர் செத்து அடக்கமாகி நாளாகிவிட்டது, அவருக்குச் சொல்லும்போதுகூட வாய் தானாக அதை விழுங்கிவிடுகிறது. அவன் போன அந்த மாசம். போனான் என்றால் என்ன அர்த்தம். அவன் வேலை பார்த்த கப்பல் கருங்கடல் பக்கம் ஏதோ ஒரு துறைமுகத்தில் நின்றது, இவன் சாயங்காலம் சாப்பிட வரவில்லை, அவ்வளவுதான் சொன்னார்கள். இறங்கிப் போய்விட்டான் என்றான் ஏஜென்ட், நிறையப் பேர் அப்படி இறங்கி ஓடிவிடுகிறார்கள் என்றான், சொல்லும்போது ஏதோ தனிஸ்லாஸ் ஏமாற்றிவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். கூடப் போன ஆலந்தலைப் பையன் மட்டும் வீட்டுக்கு வந்து, காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்துவிட்டு, “பெரியம்மா, அவன் செருப்பு ரூம்லதான் கிடந்துச்சு” என்றான். செருப்பில்லாமல் எங்கே இறங்கிப் போவான். ஏன், ஷூ போட்டுக்கொண்டு போயிருப்பான். ஷூ எங்கே என்று அந்தப் பையனிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆறு வருஷமாகிறது, அந்தப் பையன் இப்போது கனடாவில் இருக்கிறான், போன் நம்பர் இருக்கிறது, இன்னும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதில்தான் மகன் இருக்கிறான் என்று அவளுக்குச் சில நேரம் தோன்றும், அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு. கொழும்பில் பார்த்தேன் என்று ஒருத்தர் சொன்னார். தண்ணிக்குப் பக்கத்தில் ஒரு கூரைக்குக் கீழே இருக்கிறான் என்று வேளாங்கண்ணியில் ஒரு செபக்காரி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். ஒவ்வொரு தடவையும் பிரிஸ்கா பல்லைக் கடித்துக்கொண்டு விசாரித்தாள், ஒவ்வொரு தடவையும் இல்லை என்று ஆயிற்று. இந்தத் தடவை கிளம்புமுன் அடுப்படியில் வைத்து, மெட்டில்டா காதில் விழாதபடி, தெளிவாகச் சொல்லிவிட்டாள். இதுதான் கடைசி. அங்கே இல்லையென்றால் ஊருக்கு வந்ததும் நீ சாமியாரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவனுக்கு இறந்தோர் பூசை வைக்கச் சொல்ல வேண்டும். அம்மா சரி என்றாள். சரி என்கிற வார்த்தை எவ்வளவு லேசாக வந்துவிட்டது, கருவேப்பிலை கிள்ளிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

மெட்டில்டா. அவள் மருமகள். கல்யாணமாகி ஒரு லீவு முழுக்கக்கூட அவனோடு இருக்கவில்லை, வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை, ஆறு வருஷமாக மாமியாரோடு ஒரே கூரைக்குக் கீழே, ஒரு முகச்சுளிப்பு கிடையாது, அமலோற்பவத்துக்கு மூட்டுவலி வந்தால் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுகிறவள். பொட்டு வைப்பதா வேண்டாமா என்று கண்ணாடி முன்னால் நிற்கிறதை அமலோற்பவம் பார்த்திருக்கிறாள். பூ வாங்குவாள், மாதா படத்துக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். வேம்பாற்றில் ஒரு வாத்தியார், மனைவி இறந்தவர், நல்ல மனுஷன், பெண் கேட்டு விட்டிருக்கிறார்கள். மெட்டில்டா ஆமென்றும் சொல்லவில்லை இல்லையென்றும் சொல்லவில்லை. அவன் இருக்கிறான் என்று அம்மாக்காரியே சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் எப்படி இன்னொரு கல்யாண ஓலை வாசிப்பேன் என்று பங்குச் சாமியார் கேட்டார், உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும், அப்புறம் நான் மேலே பேசுகிறேன் என்றார். எல்லாரும் அமலோற்பவத்தின் வாயையே பார்த்தார்கள். ஒவ்வொரு மாசமும் அவள் கோவில் அலுவலகத்தில் போய் தனிஸ்லாஸ் நல்ல சுகத்துக்காக ஒரு பூசை என்று சொல்லிவிட்டு வருவாள், ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் அவன் பெயரை உயிரோடிருக்கிறவர்களின் கூட்டத்தில் வாசிப்பார்கள், காய்ச்சல்காரர்களோடும் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளோடும் சேர்த்து. அந்த நேரம் மெட்டில்டா தலையைக் குனிந்துகொள்வாள். ஒரே ஒரு நாள், துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, யாரையும் பார்க்காமல், “நான் என்னவா இருக்கேன்னு யாராவது சொல்லிட்டா நல்லாருக்கும், அத்தை” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பால் வாங்கியாச்சா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னாள். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அமலோற்பவம் ரெண்டு விமானம் ஏறி இறங்கிவிட்டாள், இன்னும் கையில்தான் இருக்கிறது, எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பஸ் ஒரு பாலத்தில் ஏறியது. முன்னால் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த கிழவி திரும்பி, அமலோற்பவத்தின் தோளைத் தட்டி, ஜன்னலைக் காட்டி ஏதோ சொன்னாள், பார், பார் என்பதாக. அமலோற்பவம் கண்ணாடியைக் கையால் துடைத்தாள். தண்ணீர். எவ்வளவு தண்ணீர். அதன் நடுவில் ஒரு கோவில் மணிக்கூண்டு நின்றது. கோவில் இல்லை, ஊர் இல்லை, தெரு இல்லை, மணிக்கூண்டு மட்டும், தட்டு தட்டாக வெள்ளையாக, இடுப்பு வரைக்கும் நனைந்தவள் மாதிரி. பிரிஸ்கா விழித்துக்கொண்டு போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். அணை கட்டினார்களாம், தண்ணீர் ஏறி ஊரின் ஒரு பகுதி முங்கிப்போயிற்றாம், கோவிலை இடித்தார்களாம், மணிக்கூண்டை விட்டுவிட்டார்களாம், இதுதான் வோல்கா ஆறாம். ஊர்க்காரர்கள் எங்கே என்று அமலோற்பவம் கேட்டாள். எல்லாரையும் வேறு இடத்துக்கு மாற்றியிருப்பார்கள் அம்மா என்றாள் பிரிஸ்கா, செத்தவர்களை என்ன செய்தார்கள் என்று கேட்கப்போகிறாள் என்று பயந்தவள் மாதிரி உடனே கண்ணை மூடிக்கொண்டாள். அமலோற்பவம் அதைத்தான் நினைத்தாள். கல்லறைத்தோட்டம் இருந்திருக்குமே. அதன் மேல் மீன் போகும். ஆற்றங்கரையிலேயே பிறந்தவள் அவள், தாமிரபரணி வந்து கடலில் சேருகிற வாயில், தண்ணீருக்குப் பயந்ததில்லை. தண்ணீர் எடுத்ததைத் தண்ணீரே கொடுக்கும் என்றுதான் வளர்ந்தாள், மூன்றாம் நாள், இல்லையென்றால் ஐந்தாம் நாள், கரையில் கொண்டுவந்து போட்டுவிடும், அடையாளம் தெரியாவிட்டாலும் அரைஞாண் கயிறு இருக்கும். அதனால்தான், கொடுக்கவில்லை என்பதால்தான், எடுக்கவில்லை என்று அவள் பிடித்துக்கொண்டாள். கப்பலுக்கும் துறைச் சுவருக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருக்கும், புருஷன் அந்தக் காலத்தில் சொல்லியிருக்கிறார், அதில் விழுந்தால் என்று ஆரம்பித்துவிட்டு, சோறு போடு என்று பேச்சை மாற்றிவிட்டார். அந்த இடுக்கை அவள் நினைக்கமாட்டாள். கறுப்பாக, எண்ணெய் மிதந்துகொண்டு, ஒரு ஆள் அகலத்துக்கு. நினைக்கமாட்டாள். செபமாலையில் மணி ஒன்று நகர்த்தினாள். மணிக்கூண்டு பின்னால் போய்ச் சின்னதாகி மரங்களுக்குள் மறைந்தது, அப்புறமும் ரொம்ப நேரம் அது தண்ணீரில் நின்றுகொண்டேதான் இருந்தது.

உக்லிச் பஸ் நிலையத்தில் கலீனா காத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், ஊர் சுற்றிக்காட்டுகிற வேலைக்கு வருகிறவள், பிரிஸ்கா போன் மூலமாகப் பிடித்து வைத்திருந்தாள். அகலமான முகம், பச்சை நிறத்தில் பின்னிய தொப்பி. அமலோற்பவத்தின் காலைப் பார்த்ததும் முதல் காரியமாகத் தன் பையிலிருந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை எடுத்து, அங்கேயே பெஞ்சில் உட்காரவைத்து மாட்டச் சொன்னாள். மகன் பெயரைக் கேட்டதும் அவள் நின்றுவிட்டாள். தனிஸ்லாஸா, அது எங்கள் பக்கத்துப் பெயராயிற்றே, அவ்வளவு தூரத்தில் கடற்கரையில் எப்படி என்றாள். போலந்துக்காரப் புனிதர், ஒரு அர்ச்சிஷ்டவர் பெயர் என்று பிரிஸ்கா சொன்னாள். ஒருவேளை பெயர்தான் அவனை இந்தப் பக்கம் இழுத்ததோ என்று அமலோற்பவத்துக்கு ஒரு நினைப்பு ஓடியது, ஞானஸ்நானத்தில் அந்தப் பெயரை வைக்கச் சொன்னது அவள்தான். ஊர் தாழ்வாக இருந்தது. மரவீடுகள், ஜன்னலைச் சுற்றி மட்டும் லேஸ் பின்னினது மாதிரி செதுக்கல், சில வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கே பார்த்தாலும் ஒரு கோவில் குமிழ். ஆற்றங்கரைக்கு வந்தபோது அவளுக்கு முதலில் படம்தான் தெரிந்தது, போனில் இருந்த அதே சிவப்புக் கோவில், அதே நீலம், அதே நட்சத்திரம். ஓரத்தில் முதுகு மட்டும் இல்லை. படித்துறை காலியாகக் கிடந்தது. கடைகளெல்லாம் பலகை வைத்து அடைத்திருந்தது. கப்பல் வருகிற காலம் போன வாரத்தோடு முடிந்துவிட்டது, இனி பனி உருகினால்தான் என்றாள் கலீனா. பிரிஸ்கா அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தாள். அதை அவள் விசாரிக்கவில்லை, லீவு கிடைத்த மாதத்தைப் பார்த்தாளே தவிர ஆற்றின் மாதத்தைப் பார்க்கவில்லை. கலீனா அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஒருத்தியிடம் பேசிவிட்டு வந்தாள். புகைமீன் கடையில் பெட்டி தூக்குகிறவனா, கறுத்த ஆளா, அவன் இருக்கிறான், இப்போது மேலே சந்தையில் இருக்கிறான். அமலோற்பவத்தின் கால் அப்போதுதான் குளிர்ந்தது, கம்பளியைத் தாண்டி.

சந்தைக்குப் போகிற வழியில் கலீனா பேசிக்கொண்டே வந்தாள், பேசாவிட்டால் நடை நீண்டுவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. அந்தச் சிவப்புக் கோவில் ஒரு பிள்ளையின் ரத்தம் விழுந்த இடத்தில் கட்டியதாம். பெரிய ராஜாவின் கடைசிப் பிள்ளை, எட்டு வயது, முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தான், கழுத்தில் கத்தி இறங்கிவிட்டது. யாராவது வெட்டினார்களா, வலிப்பு வந்து கத்தி மேலேயே விழுந்தானா, நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, தெரியாது. கோவில் மணியை அடித்தார்கள், ஊர் கூடி யார் யாரையோ கொன்றது, அப்புறம் அரண்மனையிலிருந்து தண்டனை வந்தது, மணிக்கும் சேர்த்து. மணியைக் கீழே தள்ளி, சாட்டையால் அடித்து, நாக்கைப் பிடுங்கி, சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். மணியைக்கூட நாடு கடத்துகிற ஜனங்கள் நாங்கள் என்று கலீனா சிரிக்காமல் சொன்னாள், முந்நூறு வருஷம் கழித்துத்தான் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்களாம். அமலோற்பவம் மணியைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையைப் பெற்றவள் என்ன ஆனாள் என்று கேட்கச் சொன்னாள். அவளைக் கன்னியாஸ்திரி ஆக்கி அனுப்பிவிட்டார்கள். பல வருஷம் கழித்து ஒருத்தன் வந்தான், நான்தான் அந்தப் பிள்ளை, சாகவில்லை, தப்பித்துவிட்டேன் என்றான், ராஜாவாகவும் ஆனான். அவளை வரவழைத்தார்கள். அத்தனை ஜனத்துக்கு முன்னால் அவள் அவனைக் கட்டிப்பிடித்து, இவன்தான் என் மகன் என்றாள். பிரிஸ்கா தமிழில் சொல்லிக்கொண்டு வந்தவள் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினாள். அவனைக் கொன்ற பிறகு, இல்லை, என் மகன் அப்போதே செத்துவிட்டான் என்றும் சொன்னாளாம். பயந்து சொன்னாளா, ஆசையில் சொன்னாளா, எது பொய், முதலில் சொன்னதா அப்புறம் சொன்னதா. ரெண்டும் பொய்யாக இருக்காது என்று அமலோற்பவத்துக்குத் தோன்றியது. கட்டிப்பிடித்த அந்த நேரத்துக்கு, அந்தத் தோளில் முகம் இருந்த நேரத்துக்கு, அவன்தான். தானும் அப்படிச் செய்துவிடலாம். இந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் நினைப்பு போகவில்லை. பார்த்தேன், அவன்தான், வரமாட்டேன் என்கிறான், அங்கேயே இருந்துகொள்கிறான் என்று ஊரில் சொன்னால் யார் வந்து பார்க்கப்போகிறார்கள். பிரிஸ்கா இருக்கிறாள். பிரிஸ்கா பேசாமல் இருப்பாள், அம்மாவுக்காக இருப்பாள். பூசையில் பெயர் தொடர்ந்து வாசிப்பார்கள். மெட்டில்டா துணி மடிப்பாள்.

சந்தை என்பது ஒரு தகரக் கொட்டகை. முட்டைக்கோஸ், ஊறுகாய் வாளிகள், தேன், ஆட்டுத்தோல் செருப்பு. கடைசியில் புகை வாடை வந்த இடத்தில் அவன் குனிந்து பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தான். நீலச்சட்டை. அந்த முதுகைத்தான் ஒரு வருஷமாக அமலோற்பவம் விரித்து விரித்துப் பார்த்தது, இப்போது விரியாமல் சுருங்காமல் எதிரில் இருந்தது. திரும்பாதே என்று அவள் நினைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இரு, ராசா. கலீனா ஏதோ சொல்லிக் கூப்பிட்டாள், அவன் நிமிர்ந்து திரும்பினான். அகலமான கன்ன எலும்பு, ஒரு தங்கப்பல், தாடியில் நரை. அவன் தனிஸ்லாஸ் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு இமைப்பொழுதுகூட ஆகவில்லை, ஆனால் பார்வையை எடுக்கத்தான் நேரமாயிற்று. அவன் தஜிகிஸ்தான்காரன், பெயர் ருஸ்தம், மீன் வாங்க வந்தவர்கள் என்று நினைத்து ஒரு துண்டை நறுக்கி நீட்டினான். கலீனா விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவன் கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான், அது துடைத்து முடிந்த பிறகும். அந்த அம்மாவை நினைவிருக்கிறது என்றான். சிவப்பாக நீளத் துணி சுற்றிக்கொண்டு படித்துறையில் நின்று அப்படி ஒரு சத்தம் போட்டார்களே, எல்லாரும் திரும்பினார்கள், நானும் திரும்பினேன், கையில் ஐஸ் பெட்டி இருந்தது, போய்விட்டேன். பிரிஸ்கா இதைத் தமிழில் சொல்லும்போது சிரிப்பு மாதிரி ஏதோ வந்து, அது சிரிப்பாக முடியவில்லை. என் அம்மாவும் ஊரில் இருக்கிறாள், என்னைப் பார்த்து ரொம்ப நாளாகிறது, அவளும் யாரையாவது பார்த்து நான் என்று நினைப்பாள் என்று அவன் சொல்லி, கையை நெஞ்சில் வைத்து அமலோற்பவத்துக்குத் தலை குனிந்தான். அவள் பைக்குள் கையை விட்டாள். தனிஸ்லாஸுக்கு என்று கொண்டுவந்தது, சீலாக் கருவாடு, வாடை வராமல் மெட்டில்டா நாலு கவரில் சுற்றிக் கட்டிக்கொடுத்தது, விமான நிலையத்தில் நாய் பிடிக்கும் என்று பிரிஸ்கா வழியெல்லாம் ஏசியது. அதை எடுத்து அவன் மீன்களுக்கு மேலே வைத்தாள். அவன் பிரித்து முகர்ந்து பார்த்து, கண் விரிந்து, பக்கத்துக் கடைக்காரியிடம் காட்டி ஏதோ சொல்ல, அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினாள். மீன்காரனுக்கு மீன் கொடுக்கிற பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். பை லேசாகிவிட்டது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, இனிமேல் போய்ப் பார்ப்பதற்கு ஓர் ஊர் அவளிடம் இல்லை.

திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பிரிஸ்கா அம்மாவின் கையைத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள், நல்ல பிள்ளை, வாக்கு கொடுத்ததை ஞாபகப்படுத்தமாட்டாள், விமானத்திலும் சொல்லமாட்டாள், ஊருக்குப் போய் ரெண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் சொல்லுவாள். கோவிலுக்குப் போகலாமா என்று அமலோற்பவம் கேட்டாள். நட்சத்திரக் கோவில் இப்போது காட்சிக்கூடம், செபம் கிடையாது என்று கலீனா பக்கத்துத் தெருவில் பூசை நடக்கிற ஒரு சின்னக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே மங்கல் வெளிச்சம், தேன்மெழுகு வாசனை. உட்காரப் பெஞ்சு இல்லை. சிலை, சுரூபம் எதுவும் இல்லை. சுவர் முழுக்கப் படங்கள், கறுத்த தங்கத்துக்குள்ளிருந்து நீளமான முகங்கள், மாதாகூடத் தெரிந்த மாதாவாக இல்லை, கண்ணீர் வராத ஒரு மாதா. கலீனா வாசலில் வாங்கிய மெல்லிய மெழுகுத்திரி ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் ஒதுங்கி நின்றாள். எங்கே வைப்பது. படங்களுக்கு முன்னால் வட்டத் தாங்கிகளில் திரிகள் எரிந்தன, ஆனால் யார் எவர் என்று தெரியாதவர்கள் முன்னால் எப்படி வைப்பது. இடது பக்கம் ஒதுக்குப்புறமாகப் பார்த்தாள், மனசு ஆறியது, அங்கே பாடுபட்ட சுரூபம். சின்னதுதான், ஒரு சதுரமான பித்தளை மேசையின் தலைப்பில் சிலுவையும் அதில் கர்த்தரும், மேசை பூராவும் திரிகள். ஊரில் காய்ச்சலா, கடலில் காற்றா, பரீட்சையா, எதற்கும் முதலில் போய் நிற்கிற இடம் அந்தப் பாதம்தான். விறுவிறுவென்று போனாள், பாதத்தைத் தொட்டு முத்தி செய்தாள், பக்கத்துத் திரியில் கொளுத்தி, தனிஸ்லாஸ் நல்ல சுகத்துக்காக என்று மாசாமாசம் சொல்கிற அதே வார்த்தையைச் சொல்லி, ஒரு குழியில் நட்டுவைத்தாள். நேராக நின்றது. அப்போது தலையில் துணி கட்டிய ஒரு கிழவி, மெழுகு பிசுக்கேறிய விரல்களோடு, திரி மிச்சங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள், அருகில் வந்து மெல்ல ஏதோ கேட்டாள். கேட்ட குரல் ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்கிற குரல். கலீனா அவசரமாக வந்து பிரிஸ்காவிடம் சொன்னாள். பிரிஸ்கா அம்மாவிடம் வந்தாள்.

“அம்மா, இந்த மேசை செத்தவங்களுக்காம். யார் தவறிட்டான்னு கேக்காங்க.” அப்புறம், “உயிரோட இருக்கவங்களுக்கு அந்த வட்டத் தாங்கியில வைக்கணுமாம். தெரியாம வச்சிட்டாங்கன்னு கலீனா சொல்லிட்டா. அவங்களே எடுத்து அங்கன மாத்தி வச்சிருதேங்கிறாங்க.”

கிழவியின் கை ஏற்கெனவே நீண்டிருந்தது, திரியைத் தொடாமல், அதன் பக்கத்தில், அனுமதிக்காகக் காத்துக்கொண்டு. அமலோற்பவம் திரியைப் பார்த்தாள். அய்யோ. என் கையாலேயா. என் கையாலேயே கொண்டுவந்து இங்கே வைத்தேனா, பெற்ற கை. எடுத்துவிடலாம். நாலு எட்டு வைத்தால் அந்த வட்டத் தாங்கி, அங்கே அந்த அழாத மாதா, மாற்றி வைத்துவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை, யாரோ ஒரு ஊர்க்காரர்களின் பழக்கம், நமக்கென்ன தெரியும், நம் கோவிலில் அப்படியெல்லாம் இல்லையே. எடுத்துக்கொண்டு போகும்போது காற்றில் அணைந்துபோனால். கையால் மறைத்துக்கொண்டு போகலாம். இவ்வளவு காலமும் அப்படித்தான் கையால் மறைத்துக்கொண்டு போனது, எங்கே போனது, கொழும்புக்கு, வேளாங்கண்ணிக்கு, இந்தக் காலியான படித்துறைக்கு. கை வலிக்கிறது. கை வலிக்கிறது என்று ஒரு தாய் நினைக்கலாமா. எண்ணெய் தேய்த்துவிடுகிற மெட்டில்டாவின் கை நினைவுக்கு வந்தது, சூடாக, ஒன்றும் கேட்காமல். மேசையில் எத்தனை திரி, ஒவ்வொன்றும் ஒரு ஆள், இந்த ஊர்க்காரர்கள், தாத்தாக்கள், பட்டாளத்தில் போனவர்கள், ஆற்றில் போனவர்களும் இருப்பார்கள், அவர்களுக்கு நடுவில் அவனுடையது கொஞ்சம் உயரமாக, இப்போதுதான் வந்த ஆள் மாதிரி, அக்கம்பக்கம் தெரியாமல் நின்றது. பாஷைகூடத் தெரியாது அவனுக்கு. ஆனால் சுடர் நடுங்கவில்லை. குளிர்கிற மாதிரி இல்லை. அந்தக் கறுப்பு இடுக்கில் இல்லை, எந்தக் கூரைக்குக் கீழும் இல்லை, யாரிடமிருந்தும் விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருக்கவும் இல்லை. கர்த்தரின் பாதத்துக்குக் கீழே நின்றது. மெழுகு முதல் சொட்டு இறங்கி பாதி வழியில் வெள்ளையாக உறைந்தது. கிழவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிஸ்காவும். எல்லாரும் மறுபடியும் அவள் வாயையே பார்த்தார்கள், வாயில் எச்சில் வற்றிப்போயிருந்தது, விழுங்குவதற்கு ஒன்றும் இல்லை.

“மாத்த வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லு, மக்கா.”